எல்சி நைனாவும் என் ஆபீஸ் லைனும்

மின்சாரத்துக்குப் பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை ஜென்ம விரோதியாகவே நடத்தி, அதற்கு ஒரு நாளும் முதுகைக் காட்டாமல் வாழ்ந்துகொண்டிருக்கும் மனிதர் ஆந்திரா, தமிழ்நாடு இரண்டிலும் சேர்த்து ஒருவர்தான். அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். என் தலையெழுத்து, என் வேலையும் அந்த வீட்டு கரண்டில்தான் ஓடியது.

ஊர் சத்தியவேடு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரப் பக்கம். அவருடைய சொந்தப் பெயர் வாடகை பேசிய அன்றைக்குக் காதில் விழுந்ததோடு சரி. பால்காரர் முதல் பஞ்சாயத்து ஆபீஸ் வரை எல்லோருக்கும் அவர் எல்சி நைனா. எல்சி என்றால் லைன் கிளியர். கரண்ட் கம்பத்தில் ஏறுகிற ஆள், ஏறுவதற்கு முன் சப் ஸ்டேஷனுக்குச் சொல்லி அந்த லைனை நிறுத்தச் செய்து, அதற்கு ஒரு நம்பரும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து இறங்கி, வாங்கினவரே எல்சியைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி லைனைப் போடலாம். கலெக்டரே வந்து சொன்னாலும் அதுவரைக்கும் போடக் கூடாது. நல்ல சட்டம்தான், உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் இவர் அதைக் கம்பத்திலிருந்து இறக்கி, கிரைண்டருக்கும் மிக்சிக்கும் கொண்டுவந்துவிட்டார்.

பாதி ஆயுள் ஒரு கான்டிராக்டரிடம் லைன் வேலை பார்த்தவர் அவர். இடது கை விரல்கள் மடங்காது. காலை லேசாக இழுத்து நடப்பார். வேலையை விட்டு வீட்டோடு வந்தவர், வீட்டையே சப் ஸ்டேஷன் ஆக்கினார். அந்த வீட்டில் யார் எந்த சுவிட்சை வேலைக்காக நிறுத்தினாலும் அதில் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும். கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்துவிட்டு, "லைன் ரிட்டன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் மனைவி ராஜம்மா பெரிம்மாவின் பழைய பாவாடை ஒன்று துண்டு துண்டாகக் கிழிபட்டு, மெயின் போர்டு பக்கத்து ஆணியில் எப்போதும் தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

நாங்கள் குடிவந்த கோடையில் பெரிம்மா ஹால் ஃபேனைத் துடைக்க எல்சி வாங்கினார். துணியைக் கட்டினார், ஸ்டூலில் ஏறினார். அந்த நேரம் பார்த்து வரதய்யபாளையத்தில் அவருடைய தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தது. பெரிம்மா அப்படியே பஸ் ஏறிவிட்டார். துணி சுவிட்சிலேயே நின்றுவிட்டது. சித்தூர் ஜில்லா வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நைனா பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, நனைத்த துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஓடாத ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பெரிம்மாவிடம் போனில் கேட்டுவிட்டு நாமே அவிழ்க்கலாமே என்றேன். என்னை ஒரு கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"போன்ல ரிட்டன் பண்றது இந்த வூட்ல செல்லாதும்மா. வாங்கனவ நேர்ல வரணும்."

பெரிம்மா வந்தார், தம்பி தேறிவிட்ட சந்தோஷத்தோடு. வந்தவர் முதலில் துணியை அவிழ்த்தார், பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

இன்னொரு வியாதியும் நைனாவுக்கு உண்டு. கம்பங்களுக்கு நம்பர் போட்டுப் பழகிய கை. வீட்டில் கரண்ட் பாய்கிற ஒவ்வொரு பொருளுக்கும் கறுப்பு எனாமல் பெயின்டில் நம்பர் போடுவார். ஃப்ரிட்ஜுக்கு நம்பர், டிவிக்கு நம்பர், எங்கள் மாடி பாத்ரூம் பல்பு ஹோல்டருக்கும் நம்பர். என் கணவர் புது மிக்சி வாங்கிவந்து அட்டைப்பெட்டியோடு படிக்கட்டில் வைத்துவிட்டுச் செருப்பை விட்ட நேரத்தில், மிக்சிக்கு நம்பர் விழுந்துவிட்டது. ஈர பெயின்ட் என் புடவையில் ஒட்டியதற்கு அவர் வருத்தப்படவில்லை, நம்பர் அழிந்ததற்குத்தான் வருத்தப்பட்டார்.

இதையெல்லாம் அப்போது சிரித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கொடுக்கலாமா கூடாதா என்று சரிபார்க்கிற வேலை. கணவருக்குப் பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே செய்துகொள்ள எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு சத்தியவேட்டிலிருந்து தினமும் சென்னைக்கு பஸ்ஸில் போய்வருவது ஆகிற காரியமில்லை. ஆகவே ஆபீசுக்கு வா என்று சொன்னால் வேலை போயிற்று என்று அர்த்தம். வீடு வாடகை, வண்டி கணவர் பேரில், நகை பேங்கில். என் பெயரில் சொந்தமாக இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

அந்த நிலைமையில்தான் கம்பெனி ஒரு மெயில் அனுப்பியது. இனிமேல் எல்லோரும் விபிஎன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். விபிஎன் என்பது வீட்டு லேப்டாப்புக்கும் ஆபீசுக்கும் நடுவில் வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி போடுகிற ஒரு தனிப் பாதை. அது இல்லாவிட்டால் லாகின் இல்லை. அடிக்கடி அறுந்தால் வீட்டு வேலைக்கான அனுமதி ரத்து. கீழே, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்று போட்டிருந்தது. நம் கழுத்தில் துண்டைப் போடும்போதுதான் இவர்களுக்கு நன்றி சொல்ல ஞாபகம் வரும்.

லேப்டாப்பில் வைஃபை இருந்தது. பாட்டு வந்தது, படம் வந்தது. விபிஎன் மட்டும் வரவில்லை. 'இணைக்கிறோம்' என்று ஒரு வட்டம் சுற்றும், களைத்துப்போய் நிற்கும். ஹெல்ப் டெஸ்க்குக்கு போன் போட்டேன். எடுத்தவர் குரலில் தேன் ஒழுகியது. டிக்கெட் நம்பர் சொல்லுங்கள் மேடம் என்றார். டிக்கெட் எங்கே போடுவது என்றேன். ஆபீஸ் போர்ட்டலில் என்றார். போர்ட்டல் எப்படித் திறப்பது என்றேன். விபிஎன் போட்டால் திறக்கும் என்றார். அந்த விபிஎன்தான் வரவில்லை என்றேன். அப்படியானால் ஒரு டிக்கெட் போட்டுவிடுங்கள் மேடம் என்றார். இந்தப் பேச்சு எங்களுக்குள் பல தடவை நடந்தது. ஒரு தடவைகூட அவர் குரலில் தேன் குறையவில்லை. கடைசியில் சென்னையில் இருந்த ஒரு தோழி எனக்காக டிக்கெட் போட, அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னது இது: உங்கள் வீட்டு ரவுட்டர் விபிஎன்னைத் தடுக்கிறது, ரவுட்டருக்குள் போய் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும், உள்ளே போக பாஸ்வேர்டு வேண்டும், பாஸ்வேர்டு ரவுட்டரின் அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும்.

ரவுட்டர் எங்கள் வீட்டில் இல்லை, நைனா வீட்டு ஹாலில் இருந்தது. கேபிள்காரர் முதலில் மாடிக்குத்தான் லைன் இழுக்க வந்தார். சுவரில் ஓட்டை போடக் கூடாது, வயர் இல்லாமலே மேலே போகிற சாமானுக்கு மேலே எதற்கு வயர் என்று நைனா கேட்டதில் கேபிள்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆகவே கீழே வைத்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் போனது. நான் கீழே போய் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்திருக்க வேண்டிய இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு கறுப்பு எனாமலில் ஒரு நம்பர் பளபளத்தது. அவர் போட்ட நம்பர்களிலேயே அதுதான் அழகானது. இரண்டு கோட்டிங் வேறு.

அழுகை வந்தது. நான் அழுததற்கு நைனா சொன்ன சமாதானம், முன்பக்கம் லைட்டு எரிகிற இடம், அதனால் பெயின்ட் பிடிக்காது என்பது.

கேபிள்காரரைக் கூப்பிட்டேன். ஒரு குண்டூசியால் பின்னால் இருக்கிற ஓட்டையில் அழுத்திப் பிடித்தால் பழைய பாஸ்வேர்டு போய்விடும், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். குண்டூசியை எடுத்தும்விட்டார். நைனா குறுக்கே வந்து நின்றார். இது லைனை நிறுத்திச் செய்கிற வேலை. இந்த லைனில் இருக்கிற எல்லோரும் தங்கள் வேலையை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னார், பெரிம்மா சொன்னார், நான் சொன்னேன். வீட்டுக்காரர் எங்கே என்றார் நைனா. ஷிப்டில் இருக்கிறார், அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அவர் எப்படி இந்த வைஃபையில் இருப்பார் என்றேன். "இருக்காரா இல்லையான்னு அவரு சொல்லட்டும்" என்றார். கேபிள்காரர் குண்டூசியோடு உட்கார்ந்து பெரிம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். அன்றைக்கு எனக்கு ஒரு நாள் லீவு போயிற்று.

மறுநாள் கணவர் ஹாலில் வந்து நின்று, நான் எந்த லைனிலும் இல்லை என்று பயபக்தியோடு சொன்னார். குண்டூசி இறங்கியது. கேபிள்காரர் உள்ளே போய் எதையோ தட்டினார். மாடியில் என் லேப்டாப்பில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்று பச்சை ஆனது. பிரசவ வார்டில்கூட எனக்கு அவ்வளவு நிம்மதி வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள், புது லைனுக்கு மரியாதையாக, கம்பெனி லேப்டாப்பின் அடியிலும் நம்பர் விழுந்திருந்தது.

தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். நைனாவுக்கு மழை என்று ஒன்று இருப்பது எனக்கு மறந்துவிட்டது.

சத்தியவேட்டில் வானம் லேசாக இருட்டினால் போதும், அவர் மெயினை இறக்கிவிடுவார். இடி வர வேண்டும் என்றில்லை. இடி வரலாம் என்று அவருக்குத் தோன்றினாலே போதும். பச்சை வட்டம் போய்விடும், கொஞ்ச நேரத்தில் டீம் லீடின் மெசேஜ் வரும். என்னப்பா ஆச்சு என்று ஆரம்பித்து, போகப் போக 'ப்பா' உதிர்ந்து, கடைசியில் என் முழுப் பெயரையும் எழுதி மெயில் போட்டார். போனில் இருக்கிற நெட்டைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் எல்லைப்புறத்தில் போனுக்கு எந்த ராஜ்ஜியத்து டவரைப் பிடிப்பது என்று புத்தி நிலைக்காது. ஜன்னல் பக்கம் போனால் தமிழ்நாடு, அடுப்பங்கரைக்கு வந்தால் ஆந்திரா. ஒவ்வொரு தடவை மாறும்போதும் விபிஎன் அறுந்தது. இன்னொரு தடவை இப்படியானால் அனுமதியை எடுத்துவிடுவோம் என்று கடைசி எச்சரிக்கையும் வந்தது.

அன்றைக்குக் கீழே போய்ச் சண்டை போட்டேன். வயதுக்கு மரியாதை, ஹவுஸ் ஓனருக்கு மரியாதை எல்லாவற்றையும் மாடியிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன். ஊரில் யாருக்கும் இல்லாத பயம் உங்களுக்கு மட்டும் எதற்கு, என் சோற்றில் ஏன் மண்ணைப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். பெரிம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நைனா கோபப்படவில்லை. மடங்காத இடது கையை முழங்கால் மேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நான் மேல கீறேன். எல்சி வாங்கிக்கினுதான் ஏறனேன். எவனோ மில்லுக்கு கரண்ட்டு வோணும்னு போன் பண்ணிக்கீறான். கான்டிராக்டர் ஆளு, வேல முடிஞ்சிச்சின்னு போன்லயே சொல்லிட்டான். மேல ஆளு கீறானா இல்லியான்னு நிமுந்து பாக்கல. லைன் வந்துடிச்சி."

அவ்வளவுதான் சொன்னார். பெரிம்மா மீதியைச் சொன்னார். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். எல்சியை இவரே திருப்பிக் கொடுத்துவிட்டு, மறந்துபோய் மறுபடி ஏறிவிட்டார் என்று கான்டிராக்டர் ஊரெல்லாம் சொன்னாராம். கை போனதைவிட அதுதான் இவரை அறுத்தது என்றார்.

எனக்குக் கோபம் போய்விட்டது, பிரச்சினை போகவில்லை. அவர் பாவம்தான். நானும் பாவம்தான். இரண்டு பாவங்கள் சேர்ந்தால் ஒரு லாகின் ஆகிவிடாது. ஆணியில் தொங்கிய சிவப்புத் துணிகளில் ஒன்றை எடுத்தேன். நைனா, நானும் ஒரு எல்சி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். உங்கள் எல்சி நிறுத்தி வைப்பதற்கு, என்னுடையது ஓடவிடுவதற்கு. காலையில் நான் வந்து ரவுட்டர் சுவிட்சில் துணி கட்டினால், சாயந்திரம் நானே வந்து அவிழ்க்கும்வரை யாரும் அதை நிறுத்தக் கூடாது.

அப்படி ஒரு எல்சி எந்த ஊரிலும் கிடையாது என்றார். யோசிக்க வேண்டும் என்றார். மறுநாள் காலை அவரே படி ஏறி வந்தார், அந்தக் காலோடு. மேலே ஆள் இருக்கிறது என்பதற்குத்தானே துணி, நீயும் மேலேதானே இருக்கிறாய், கட்டிக்கொள் என்றார்.

அன்றிலிருந்து ரவுட்டருக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. நான் காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்த் துணி கட்டுவேன். சாயந்திரம் அவிழ்த்துவிட்டு, "லைன் ரிட்டன்" என்பேன். சத்தம் பற்றாவிட்டால் மறுபடி சொல்ல வைப்பார். நடுவில் அந்தப் பக்கம் விளக்குமாறுகூடப் போகக் கூடாது. பெரிம்மாவின் தம்பி ஒருநாள் வந்தவர், பக்கத்து பிளக்கில் போன் சார்ஜர் மாட்டக் கை நீட்டியதற்கு, சாப்பிடாமலே வரதய்யபாளையம் திரும்ப வேண்டியதாயிற்று. மழை வந்தால் வீடு முழுவதும் ஃப்யூஸைப் பிடுங்குவார், ரவுட்டரின் ஃப்யூஸை மட்டும் விட்டுவிடுவார். என் தலைக்கு மேல் ஃபேன் நிற்கும், லைட் போகும், லேப்டாப் பேட்டரியில் ஓடும். பச்சை மட்டும் போகாது. டீம் லீடின் மெசேஜில் 'ப்பா' திரும்பி வந்தது.

ஐப்பசி பிறந்து அடைமழை. ஒருநாள் மத்தியானம் எல்லோரையும் ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வானம் கிழிந்துவிடுவதுபோல் இடி. ஃபேன் நின்றது. நைனா வேலையைத் தொடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மீட்டிங்கில் யாரோ ஒரு பெரிய அதிகாரி, நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று பேசிக்கொண்டிருந்தார். குடும்பம் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் படம் உறைந்தது. பச்சை போய்விட்டது.

குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். பாதிப் படியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன். கட்டின துணியை எப்படித் தொட்டீர்கள், சட்டமெல்லாம் மற்றவர்களுக்குத்தானா என்று கத்திக்கொண்டே ஹாலுக்குள் போனேன்.

ஹால் இருட்டாக இருந்தது. பெரிம்மா சாமி படத்துக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்திருந்தார். நைனா ஒரு மர ஸ்டூலின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பழைய ரப்பர் கிளவுஸ். மடங்காத விரல்கள் உள்ளே போகாமல் இடது கிளவுஸ் பாதியில் தொங்கியது. ஒவ்வொரு இடிக்கும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. அவருக்கு எதிரே சுவரில் ரவுட்டர் எல்லா விளக்கும் எரிய ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சில் காலையில் நான் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது.

"லைன் கீதும்மா. நான் தொடல."

என் கையில் இருந்த போன் அதிர்ந்தது. சொந்த மெயிலுக்குக் கம்பெனியிலிருந்து ஒன்று வந்திருந்தது. நான் பார்த்த பிரிவை மூடிவிட்டார்களாம். என் சேவைக்கு நன்றியாம். பாதுகாப்பை முன்னிட்டு விபிஎன் இணைப்பு உடனடியாகத் துண்டிக்கப்பட்டதாம். லேப்டாப்பை எடுத்துப் போக ஆள் வருவாராம். அதை நின்றபடியே படித்தேன். ரவுட்டர், பெயின்ட், குண்டூசி, மழை எல்லாவற்றையும் தாண்டி நான் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்த லைனை, அந்தப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு விரலால் நிறுத்திவிட்டார்.

என்னம்மா என்றார் நைனா. சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. வேலை போனதல்ல, போன விதம் புரியவில்லை. நீ லைனில் இருக்கும்போதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன்னைக் கேட்காமலா என்றார். ஆமாம் என்றேன். கிளவுஸைக் கழற்றினார். அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவனுக்கு போன் போடு என்றார். டீம் லீடின் போன் அணைந்திருந்தது. அந்த நேரத்தில் எடுக்கக்கூடியது ஹெல்ப் டெஸ்க் ஒன்றுதான். அதே தேன் குரல். நைனா போனை வாங்கிக்கொண்டார்.

டிக்கெட் நம்பர் சொல்லுங்க சார் என்றது குரல்.

"நுவ்வு முந்தி எல்சி நம்பர் செப்பய்யா. மேல ஆளு கீது. யாரக் கேட்டு லைன கட் பண்ண?"

குரல் மறுபடி டிக்கெட் நம்பர் கேட்டது. இவர் மறுபடி எல்சி நம்பர் கேட்டார். இடி இடித்தது. இருவரும் விடவில்லை. ஒருவரிடம் மரியாதை குறையவே இல்லை, இன்னொருவரிடம் இருந்ததே குறைந்துகொண்டுவந்தது. கடைசியில் நைனா கேட்டது, அதைக் கான்டிராக்டர் ஆளிடம்தான் கேட்டாரோ என்னவோ, "நிமுந்து பாத்தியாடா நீ, மேல ஆளு கீதான்னு?" எங்கள் சேவையைப் பற்றிய உங்கள் கருத்துக்கு ஒன்றை அழுத்தவும் என்று சொல்லிவிட்டு போன் அடங்கியது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

இனி எதற்கு என்று எழுந்து துணியை அவிழ்க்கப் போனேன். நைனா கையைக் குறுக்கே நீட்டினார்.

"அவுக்காத. நீ இன்னும் எறங்கல."

லேப்டாப்பை வாங்கிப் போகும் ஆள் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் வந்தார். அடியில் இருந்த நம்பரைப் பார்த்து இது என்ன என்றார். கம்பெனியில் கேளுங்கள், சொல்வார்கள் என்றேன். எனாமல், இரண்டு கோட்டிங். அவர்கள் சுரண்டிக்கொண்டிருக்கட்டும். அந்த வீட்டில் என் மனசுக்கு நிறைவாக நடந்த காரியங்களில் அது ஒன்று.

துணி அப்படியே இருந்தது. அந்த லைனில்தான் இரவல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வேலை கேட்டேன். முகம் தெரியாதவர்கள் என் முகத்தைப் பார்த்து, குழந்தை இருக்கிறதா, எல்லை ஊரா என்று கேட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. மழை வந்த ஒவ்வொரு தடவையும் கீழே ஃப்யூஸ் பிடுங்குகிற சத்தம் கேட்கும். பிறகு ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்கும். மேலே என் நெட் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. நேரில் போய் உட்கார்ந்து செய்கிற வேலை, விபிஎன் கிடையாது. ஆளைப் பார்த்துத்தான் வேலையைக் கொடுப்பார்கள், பிடுங்கினாலும் ஆளைப் பார்த்துத்தான் பிடுங்க வேண்டும். திருப்பதிக்குக் குடிபெயர்ந்தோம். கணவர் அங்கிருந்து வேலைக்கு பஸ்ஸில் போய்வருகிறார்.

வீட்டைக் காலி செய்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டு, சுவிட்ச் பக்கம் போனேன். புது இடம், ஒத்து வருகிறதா பார், பிறகு வந்து ரிட்டன் பண்ணிக்கொள்ளலாம் என்றார் நைனா. ராஜம்மா பெரிம்மா இப்போதும் போனில் என்னைத்தான் திட்டுகிறார். மாடிக்கு வேறு குடித்தனம் வந்தாயிற்று, அவர்கள் தனியாக நெட் வைத்துக்கொண்டார்கள், இருந்தும் இடி இடித்தால் இந்த மனுஷன் கிளவுஸைப் போட்டுக்கொண்டு ரவுட்டரின் முன்னால் உட்கார்ந்துகொள்கிறார், உயிருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்கிறார். பெரிம்மாவே அவிழ்த்துவிடட்டும், கட்டினவள் நானே சொல்கிறேன் என்று நைனாவிடம் பேசினேன். போனில் செல்லாது என்று வைத்துவிட்டார்.

திருட்டு முழி முழித்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகிற சாக்கில் வழியில் இறங்கி நைனா வீட்டுக்கும் போய்வருகிறேன். ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துவிடுவது என்று முடிவு பண்ணித்தான் பஸ் ஏறுவேன். போன தடவை போனபோது துணி வெளுத்து, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. நைனா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். முடிச்சில் கை வைத்தேன், மேலே ஆள் இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்கிற ஒரே மனிதரை விட மனசு வரவில்லை. பெரிம்மா திட்டத் திட்ட ஆணியிலிருந்து நல்லதாக ஒரு துண்டை எடுத்து, பழைய முடிச்சின் மேலேயே கட்டிவிட்டு வந்துவிட்டேன்.